எது பற்றி வந்த உவமை? – நடுநிலை வகுப்புகளில் உவமையும் உருவகமும் கற்பிக்கும் நெறி

தோற்றுவாய்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி எனத் தமிழ் இலக்கணத்தை ஐந்தாகப் பகுத்துக் காண்பது மரபு. இவ்வைந்தனுள் பள்ளி மாணவன் அச்சமின்றி அணுகக்கூடியது அணி ஒன்றே எனலாம். புணர்ச்சி விதிகளையும் யாப்புறுப்புகளையும் அவன் புதியனவாகக் கற்க வேண்டும். உவமையையோ பள்ளிக்கு வருமுன்னரே கற்று வருகின்றான். மெல்ல ஓடும் தோழனை 'நத்தை' என்று சிறுவன் பழிக்கின்றான். பேரனைத் 'தங்கம்' என்று பாட்டி கொஞ்சுகின்றாள். இவ்வாறு நாளும் வழங்கும் ஒன்றை வகுப்பறையில் இலக்கணமாகக் கற்பிக்கும்போது, மாணவன் தான் முன்னரே அறிந்ததைத் தெளிவாகக் காணுதல் வேண்டும். அவ்வாறன்றி, அறிந்ததும் அறியாததாய்த் தோன்றுமாயின், குறை மாணவனிடத்து இல்லை. கற்பிக்கும் நெறியிடத்தே உள்ளது எனக் கொள்ளல் வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் உவமையும் உருவகமும் கற்பிக்கப்படுகின்றன. இங்கு இடப்படும் அடிப்படையின் மேலேயே பின்னர்க் குறளும் காப்பியமும் சங்கப் பாடலும் கற்பிக்கப்பெறுகின்றன. ஆதலின் இது பள்ளியாசிரியர்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. முதுகலை வகுப்பில் உள்ளுறை உவமத்தைக் கண்டு திகைக்கும் மாணவனின் இடர்ப்பாட்டிற்கும் வேர் இங்கேயே உள்ளது. அவ்வேரினை ஆராய்ந்து, தொல்லாசிரியர் நெறியில் அதற்கு மருந்து உண்டா எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய நெறி

உவமையணியைக் கற்பிக்கும் முறை பெரும்பாலும் மூன்று கட்டங்களாக அமைகின்றது. முதலில் வரையறை கூறப்படுகிறது. பின்னர் எடுத்துக்காட்டு ஒன்று தரப்படுகிறது. இறுதியில் அதன் உறுப்புகள் உவமை, உவமேயம், உவம உருபு எனப் பிரித்து எழுதப்படுகின்றன. தேர்வு வினாவும் இவ்வமைப்பையே தழுவி வருகின்றது. பயின்று வரும் அணியைச் சுட்டி விளக்குக என்னும் வினாவிற்கு அணியின் பெயர், அதன் இலக்கணம், மேற்கூறிய மூன்று உறுப்புகள் ஆகியன எழுதப்பட்டால் விடை நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது.

இவ்விடையில் இல்லாதது யாது? உவமைக்கும் பொருளுக்கும் பொதுவாக உள்ள தன்மை இல்லை. 'மழை போன்ற கொடை' என்னும் தொடரில் மழை உவமை என்றும், கொடை உவமேயம் என்றும், 'போன்ற' உருபு என்றும் எழுதிய மாணவன் முழு மதிப்பெண் பெறுவான். மழைக்கும் கொடைக்கும் உள்ள உறவு யாது என்று அவனை எவரும் வினவுவதில்லை. கைம்மாறு கருதாமை, மேடு பள்ளம் பாராமை, உயிர்களை வாழ்வித்தல் ஆகிய எல்லாம் சொல்லப்படாமலே போய்விடுகின்றன. உறுப்புகள் மூன்றும் கண்டறியப்பட்டன. உவமை மட்டும் கண்டறியப்படவில்லை.

உருபு காட்டும் வழி

இந்நெறியில் பயிலும் மாணவன் விரைவில் ஒரு குறுக்குவழியைக் கண்டுகொள்கிறான். 'போல' என்னும் சொல் இருப்பின் உவமை. இல்லையேல் வேறு அணி. இவ்வழி எத்துணைத் தொலைவு செல்லும் எனப் பார்ப்போம்.

'மழை வரும் போல இருக்கிறது' என்பதில் 'போல' உண்டு, உவமை இல்லை. அஃது உய்த்துணர்வைக் குறிக்கிறது. 'அவன் உறங்குவது போல் நடித்தான்' என்பதில் அது பொய்த்தோற்றத்தைக் குறிக்கிறது. 'ஆசிரியர் சொன்னது போலச் செய்தான்' என்பதில் அதன் பொருள் 'சொன்னபடி' என்பதே. 'தந்தையைப் போல மகனும் மருத்துவர்' என்பதில் ஒப்புமை உண்டு. எனினும் ஓரினத்தைச் சார்ந்த இருவர் ஒரு தொழிலினர் என்னும் செய்தியே அது, அணியன்று. வேறுபட்ட இரு பொருள்களிடையே ஒப்புமை தோன்றினாலன்றி உவமை அணியாகாது. வடமொழியில் காவியப்பிரகாசம் இயற்றிய மம்மடர் உவமைக்கு வரையறை கூறுங்கால், வேறுபாடு உள்வழிக் காணப்படும் ஒப்புமை என்னும் கருத்தையே அடிப்படையாகக் கொண்டார். ஒப்புமையைத் தேடப் பழக்கும் நாம், வேறுபாட்டையும் உடன் தேடப் பழக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உருபு உள்ள இடமெல்லாம் உவமை இல்லை என்பதோடு இச்சிக்கல் முடியவில்லை. உருபு இல்லாத இடத்தும் உவமை உண்டு. உவமைத்தொகையும் எடுத்துக்காட்டு உவமையும் அத்தகையன. இவற்றைக் கற்பிக்கும்போது உருபு 'மறைந்து' வந்தது என்று கூறி அமைகின்றோம். மறைந்ததைக் காண்பதற்கு வழி யாது என்று மாணவன் வினவுவானாயின், பொதுத்தன்மையைத் தேடுக என்பதன்றி வேறு விடை இல்லை. அங்ஙனமாயின், அதனை முதலிலேயே கற்பித்திருத்தல் வேண்டுமன்றோ?

'ஆகிய' என்னும் சோதனை

உருவகத்தைக் கற்பிக்கும் இடத்து இடர்ப்பாடு மேலும் பெருகுகின்றது. மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று இரு தொடர்களை முன்பின்னாக மாற்றிக் காட்டுவது வழக்கம். உவமை முன்னும் பொருள் பின்னும் நின்றால் உவமைத்தொகை; பொருள் முன்னும் உவமை பின்னும் நின்றால் உருவகம். பின்னதை விரிக்குமிடத்து 'ஆகிய' என்னும் சொல் இடையே வரும்: முகம் ஆகிய மதி. இச்சோதனை எளிது, நினைவிலும் நிற்பது. ஆயினும் இது தனித்து நின்று உருவகத்தைக் காட்ட வல்லதன்று.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'தென்னைமரம்', 'சாரைப்பாம்பு' என்னும் தொடர்களை எடுத்துக்கொண்டு தென்னை ஆகிய மரம், சாரை ஆகிய பாம்பு என விரித்து, இவையும் உருவகமோ என்று கேட்பின் யாது கூறுவோம்? இவை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்போம். விரியும் முறை ஒன்றாகவே இருக்க, பெயர் மட்டும் வேறாவது ஏன் என்பது அவனது அடுத்த வினாவாக எழும். அதற்கு விடை சொல்லமைப்பில் இல்லை, பொருளில் உள்ளது. தென்னை உண்மையாகவே மரம். சாரை உண்மையாகவே பாம்பு. முகம் உண்மையாக மதி அன்று. அன்று என்பதை அறிந்தும் ஆம் என்று கூறுவதே உருவகம். இவ்வறிவு வாய்த்த மாணவனுக்கு 'ஆகிய' என்னும் துணை வேண்டா. வாய்க்காதவனுக்கு அத்துணை பயன்படாது.

தமிழின் தொடரமைப்பும் இக்கருத்தை வலியுறுத்தும். 'அவன் மாணவன்' என்பதும் 'அவன் புலி' என்பதும் ஒரே அமைப்புடைய பெயர்ப்பயனிலைத் தொடர்கள். வடிவத்தை மட்டும் நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. இனி, உருவகம் பெயரில் மட்டும் நில்லாது வினையிலும் நிற்கும். 'தலைவர் சீறினார்', 'அவன் நெஞ்சு கொதித்தது' என்னும் தொடர்களில் பாம்பும் இல்லை, உலைநீரும் இல்லை. அவற்றின் வினைகள் மட்டும் உள்ளன. முன்பின் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு இங்கு இடமே இல்லை.

தொல்லாசிரியர் நெறி

இனி, பழைய நூல்கள் இப்பொருளை எங்ஙனம் அணுகின எனக் காண்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவது உவமவியல். அதன் தொடக்கத்திலேயே ஆசிரியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கின்றார். இப்பகுப்பு முழுவதும் பொதுத்தன்மை பற்றியதாகும். புலியைப் போன்ற பாய்ச்சல் வினை பற்றியது. மழையைப் போன்ற கொடை பயன் பற்றியது. துடியைப் போன்ற இடை வடிவு பற்றியது. பொன்னைப் போன்ற மேனி நிறம் பற்றியது. உருபுகள் அதன் பின்னரே கூறப்படுகின்றன.

உருபுகளைக் கூறும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. வினைக்கு எட்டு, பயனுக்கு எட்டு, மெய்க்கு எட்டு, உருவுக்கு எட்டு என உருபுகளும் பொதுத்தன்மையின் அடிப்படையிலேயே பங்கிடப்பட்டுள்ளன. 'போல' என்பது உரு பற்றிய எட்டனுள் ஒன்று. இவ்வரையறை செய்யுள் வழக்கில் முற்றும் பேணப்படவில்லை என்பது உண்மையே. 'அன்ன' என்னும் உருபு பிறவற்றோடும் வரும் என ஆசிரியரே உடன்படுகின்றார். எனினும் உருபைக் கண்ட அளவில் பொதுத்தன்மையை நோக்கி மனம் செல்லுதல் வேண்டும் என்பதே இப்பங்கீட்டின் கருத்து. இன்றைய உரைநடையில் 'போல' ஒன்றே எல்லா இடத்தையும் கவர்ந்துகொண்டது. ஆகவே உருபு இன்று பொதுத்தன்மை பற்றி நமக்கு ஒன்றும் அறிவிப்பதில்லை. தொல்காப்பியர் காலத்தினும் இக்காலத்திலேயே பொதுத்தன்மையை வெளிப்படையாக வினவுதல் மிகுதியும் வேண்டற்பாலது.

பிற்காலத்துத் தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவியது. அதுவும் உவமைக்கு அடிப்படையாகப் பண்பு, தொழில், பயன் என்பவற்றையே கூறுகின்றது. அதன் உவமை வகைகளுள் விரியுவமை, தொகையுவமை என்னும் இரண்டும் நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிவன. பொதுத்தன்மை வெளிப்பட்டு நிற்பது விரி. அது தொக்கு நிற்பது தொகை. சொல்லிலக்கணத்தில் தொகை என்பது உருபு தொக்கது. அணியிலக்கணத்தில் தொகை என்பது பொதுத்தன்மை தொக்கது. ஒரே சொல் இரு துறைகளில் இரு பொருள் பயக்கின்றது. பள்ளிக் கல்வி முன்னதை மட்டும் ஏற்றுப் பின்னதைக் கைவிட்டது. அணியைச் சொல்லிலக்கணத்தின் கண்கொண்டு நோக்கியமையால் நேர்ந்த விளைவே இது.

உரையாசிரியர் மரபோ இன்னும் தெளிவானது. முதற் குறளை எடுத்துக்காட்டு உவமைக்குச் சான்றாக இன்றும் பள்ளிகளில் காட்டுகின்றோம். பரிமேலழகர் அவ்விடத்து அணியின் பெயரைக் கூறுவதோடு அமையவில்லை; அது தலைமை பற்றி வந்தது என்றும் குறிக்கின்றார். எழுத்துகளுக்கு அகரம் முதலாதல், உலகிற்கு இறைவன் முதலாதல் என்னும் இரண்டனையும் இணைப்பது தலைமையே. இந்தப் 'பற்றி' என்னும் சொல்லில் ஒரு கற்பித்தல் நெறியே அடங்கியுள்ளது. எது பற்றி வந்த உவமை? நடுநிலை வகுப்பு மாணவனை நாம் வினவ வேண்டிய முதல் வினா இதுவே.

இவ்வினா உருவகத்திற்கும் பொருந்தும். தொல்காப்பியர் உருவகத்தைத் தனியோர் அணியாக வகுத்து ஓதவில்லை. தண்டியாசிரியர் உவமையை அடுத்து உருவகத்தை வைத்து, உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றெனக் காட்டுவது உருவகம் என்னும் கருத்தினர். மேலைநாட்டு அரிஸ்டாட்டிலோ தம் சொல்லாட்சி நூலில் உவமையையும் உருவகத்தின் பாற்படுத்து, இரண்டிற்கும் வேறுபாடு சிறிதே என்றார். எதனை முதலாகக் கொள்வது என்பதில் இருவரும் மாறுபடினும், இரண்டும் ஓரினம் என்பதில் ஒன்றுபடுகின்றனர். 1936இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பொருள், ஊர்தி என்னும் இரண்டனையும், அவற்றை இணைக்கும் அடிப்படையையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். அவ்வடிப்படை தமிழாசிரியர்க்குப் புதியதன்று. நாம் மறந்த 'பற்றி' என்பதே அது.

மாணவர் உள்ளமும் பாடவரிசையும்

1976இல் எல்லன் வின்னர், ஆன் ரோசன்ஸ்டீல், ஓவர்டு கார்ட்னர் ஆகிய மூவரும் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள அமெரிக்கச் சிறுவரிடையே உருவகப் புலப்பாடு பற்றி ஆராய்ந்தனர். சிறைக்காவலர் ஒருவர் பாறையாகிவிட்டார் என்பது போன்ற தொடர்களுக்குச் சிறுவர் கூறிய பொருள்களில் சில படிநிலைகள் தோன்றின. இளஞ்சிறார் சிலர் மந்திரத்தால் அவர் பாறையானார் என்றனர். சிலர் அவர் பாறைகள் உள்ள இடத்தில் வேலை செய்தார் என அருகாமை பற்றிப் பொருள் கண்டனர். சிலர் அவர் உடல் வன்மையானது என்றனர். வயது ஏற ஏற, அவர் இரக்கமற்றவர் என்னும் மெய்ப்பொருள் மேலோங்கியது.

இவ்வாய்வினால் நமக்கு விளங்குவன இரண்டு. ஒன்று, தவறான விடைகளிலும் படிநிலை உண்டு. உடல் வன்மை என்று கூறிய சிறுவன் பொதுத்தன்மையைத் தேடத் தொடங்கிவிட்டான். கட்புலனாகும் தன்மையோடு நின்றுவிட்டான், அவ்வளவே. அவனையும் அருகாமை கூறியவனையும் ஒருங்கே தவறு என்று ஒதுக்குதல் முறையன்று. மற்றொன்று, மெய்யின் தன்மையை உள்ளத்தின் தன்மைக்கு ஏற்றிக் காணும் உருவகமே சிறுவர்க்கு அரிதாகின்றது.

ஆதலின் தொல்காப்பியரின் நான்கு பகுதிகளையும் ஏற்றுக்கொண்டு, கற்பிக்கும் வரிசையை மட்டும் மாற்றி அமைத்தல் நன்று. நூல் வினையில் தொடங்குகிறது. வகுப்பறை உருவில் தொடங்கலாம். நிறமும் வடிவும் கண்ணாற் காணத்தக்கன, அடுத்து வினை, அதன் பின்னரே பயன், இறுதியில் உள்ளத்தின் பண்பு. நூல்வரிசை வேறு, கற்பிக்கும் வரிசை வேறு என்பது ஆசிரியர் அறிந்ததே.

எடுத்துக்காட்டுகளைத் தெரிவதிலும் கருத்து வேண்டும். துடி என்பது உடுக்கை என்றும், அதன் நடுப்பகுதி சுருங்கியது என்றும் அறியாத மாணவனுக்குத் துடியிடை என்பது விளங்காத இரு சொற்களின் சேர்க்கையே. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது உவமையின் இயல்பு; இங்கோ தெரியாததைக் கொண்டு தெரிந்ததை விளக்குகின்றோம். கடற்கரை ஊரில் வலையும் கட்டுமரமும், மருதநிலத்தில் நாற்றங்காலும் மடையும், நகரத்தில் தொடர்வண்டியும் தெருவிளக்கும் முதற்கண் உவமைகளாகட்டும். கயலும் பவளமும் துடியும் பின்னர் வரலாம். வரும்போது அப்பொருள்களின் படமேனும் மாணவர் முன் இருத்தல் வேண்டும்.

உவமைத் தொடர்களின் பயன்

இம்முறைக்கு மிகச் சிறந்த கருவி நம் பாடத்திட்டத்திலேயே உள்ளது. 'உள்ளங்கை நெல்லிக்கனி', 'பசுமரத்தாணி', 'இலவு காத்த கிளி', 'கிணற்றுத் தவளை' முதலிய உவமைத் தொடர்களை நாம் கற்பிக்கின்றோம். ஆனால் இவற்றை ஒருசொற் பொருளோடு இணைத்து மனப்பாடம் செய்விக்கின்றோம். நெல்லிக்கனி என்றால் தெளிவு. இலவு காத்த கிளி என்றால் ஏமாற்றம். அகராதியாகக் கற்ற உவமை உவமையாகாது.

இலவு காத்த கிளியை எடுத்துக்கொள்வோம். இலவின் காய் பழுக்கும் என்று கிளி பன்னாள் காத்திருக்கின்றது. காய் முற்றுகிறது, பழுக்கவில்லை, வெடிக்கின்றது, பஞ்சு காற்றிற் பறக்கின்றது. ஏமாற்றம் என்னும் ஒரு சொல்லில் இந்நிகழ்ச்சி அடங்குமோ? பேருந்து தவறியவனுக்கும் ஏமாற்றமே. அவனை இலவு காத்த கிளி என்று எவரும் கூறார். நெடுநாட் காத்திருப்பும், தவறான நம்பிக்கையும், காத்த பொருளே கைவிட்டு அகலுதலும் சேர்ந்த இடத்திலேதான் அவ்வுவமை பொருந்தும். எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்று மாணவனைச் சொல்லச் செய்வதே உவமையைக் கற்பித்தலாகும்.

கிணற்றுத் தவளையோ உவமையிலிருந்து உருவகத்திற்குப் பாலமாக அமைகின்றது. 'அவன் கிணற்றுத் தவளை போல வாழ்கிறான்' என்பதும், 'அவன் கிணற்றுத் தவளை' என்பதும் ஒரே உவமையைக் கொண்டன. ஒரே பொதுத்தன்மை பற்றின. முதல் தொடரில் அவனும் தவளையும் இருவேறாக நிற்கின்றனர். இரண்டாவதில் வேற்றுமை ஒழிந்தது. எந்தத் தொடர் வன்மையாகச் சுடுகிறது என்று வினவினால், வகுப்பே விடை கூறும். இவ்வாறு உருவகத்தின் ஆற்றலை உணர்ந்த பின்னர் அதன் பெயரைக் கூறினால், பெயர் மாணவனுக்குச் சுமையாகாது.

இவ்வழியே சென்றால் ஏகதேச உருவகமும் எளிதாம். 'கல்வி என்னும் விளக்கை ஏற்றினர். அறியாமை அகன்றது' என்னும் தொடரில் கல்வி விளக்காக உருவகம் செய்யப்பட்டது. அறியாமை எதுவாகவும் கூறப்படவில்லை. விளக்கு ஏற்றினால் அகல்வது எது என்னும் வினாவிற்கு 'இருள்' எனச் சிறுவன் தானே நிரப்புவான். ஆசிரியர் விட்ட பாதியை மாணவன் முடிக்கும் இப்பயிற்சி, பின்னாளில் உள்ளுறையை நிரப்பிக் காணும் பயிற்சிக்கு முதற்படியாகும். உள்ளுறையில் உருபு இல்லை. உவமேயமும் வெளிப்பட நில்லாது. உருபைத் தேடிப் பழகியவன் அங்குக் கைவிளக்கு இழந்தவன் ஆவான். பொதுத்தன்மையைத் தேடிப் பழகியவனுக்கு வழி தெரியும்.

ஒரு தடையும் விடையும்

இளம் மாணவர்க்கு உறுதியான பிடி வேண்டும்; உருபும் சொல்வரிசையும் அத்தகைய பிடிகள்; பொதுத்தன்மையோ ஆளுக்கொன்றாகக் கூறப்படும், அதனை மதிப்பிடுதல் அரிது எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். இத்தடையில் உண்மை இல்லாமல் இல்லை. நிலவைப் போன்ற முகம் என்றால் ஒருவன் வட்டம் என்பான். ஒருவன் ஒளி என்பான். ஒருவன் குளிர்ச்சி என்பான். ஆயினும் தனித்தொடரிலேதான் இம்மயக்கம் உண்டு. செய்யுளில் முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கும். வெயிலில் வருந்தியவன் கண்ட முகமாயின் குளிர்ச்சி. இருளில் தோன்றிய முகமாயின் ஒளி. தன் விடைக்குப் பாடலிலிருந்து சான்று காட்டும் மாணவனுக்கு மதிப்பெண் அளிப்பது அரிய செயலன்று; சான்று காட்டப் பழகுதலே இலக்கியக் கல்வியுமாம்.

உருபையும் 'ஆகிய' என்னும் விரியையும் அறவே நீக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அவை கண்டறியும் கருவிகள் அல்ல. கண்டறிந்ததை உறுதி செய்யும் கருவிகள். அவற்றிற்குரிய இடம் பாடத்தின் இறுதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். உருபு கொண்டு உவமையையும், சொல்வரிசை கொண்டு உருவகத்தையும் காணும் நெறி, காட்ட வேண்டியவற்றுள் பலவற்றை விடுத்து, காட்ட வேண்டாதவற்றுள் சிலவற்றைக் காட்டுகின்றது. தொல்காப்பியம், தண்டியலங்காரம், பரிமேலழகர் உரை ஆகிய மூன்றும் பொதுத்தன்மையையே முதன்மையாகக் கொண்டன. உரு, வினை, பயன், உள்ளப்பண்பு என்னும் வரிசையில் அதனைக் கற்பித்தல் சிறுவரின் அறிவு வளர்ச்சிக்கும் ஏற்புடையது.

இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. உவமை, உவமேயம், உவம உருபு என மாணவன் எழுதும் மூன்று வரிகளோடு 'எது பற்றி' என்னும் நான்காம் வரி ஒன்றைச் சேர்த்து, வினாத்தாளில் அதற்கும் மதிப்பெண் ஒதுக்கினால் போதும். அந்த நான்காம் வரியை எழுதுவதற்கு மாணவன் பாடலுக்குள் மீண்டும் செல்லாமல் இயலாது. மூன்று வரிகளையும் பாடலைப் படியாமலே எழுதிவிடலாம் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வொரு வரியின் அருமை விளங்கும்.